சும்மாப் பேச்சின் சான்று மதிப்பு: குடியேற்ற விசாரணையில் கணவன் மனைவி உரையாடல்

1

கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நீதிமன்றம் தோண்டக்கூடாது என்கிறது சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 122ஆம் பிரிவு. மணவாழ்க்கையின்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னதை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சொன்னவர் சம்மதம் தராவிட்டால், கேட்டவர் தானாக முன்வந்தாலும் அனுமதி கிடையாது. தம்பதியர் ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் வழக்கு, ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்றம் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு 128ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் தன் ஊர்ச் சட்ட மரபிலிருந்து எடுத்துவந்த சரக்கு இது. படுக்கையறைக் கதவுக்கு முன்னால் அரசு நின்றுவிட வேண்டும் என்கிற முதலாளிய நாகரிகத்தின் கண்ணியம் அதில் இருக்கிறது.

அதே நாகரிகம், கடல் கடந்து சேர்ந்து வாழ விரும்பும் தம்பதியிடம் வேறு குரலில் பேசுகிறது. நீங்கள் என்ன பேசிக்கொண்டீர்கள்? எத்தனை மணிக்கு? எந்த மொழியில்? அவர் கடைசியாக உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்? கட்டிலில் யார் எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் அச்செடுத்து, தேதி போட்டு, மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள். குடிமகனின் தாம்பத்தியப் பேச்சுக்குத் திரை. குடியேறியின் தாம்பத்தியப் பேச்சுக்கு விசாரணை மேசை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். குடியேற்ற அதிகாரம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகத் தம்பதிகளின் உடலை, காகிதத்தை, கடைசியில் அவர்களுடைய சாதாரணப் பேச்சைச் சோதித்து வந்திருக்கிறது. இந்தச் சோதனை எங்கேயோ கிடக்கும் உண்மையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அது தனக்கு வேண்டிய ஒருவகைக் காதல் மொழியைத் தம்பதிகளிடம் உற்பத்தி செய்கிறது. அந்த மொழிக்குள் வராத பேச்சுக்கு, குறிப்பாகப் பெண்ணின் பேச்சுக்கு, என்ன ஆகிறது என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

2

1875இல் அமெரிக்கா இயற்றிய பேஜ் சட்டம், சீனா, ஜப்பான் உள்ளிட்ட கீழைநாடுகளிலிருந்து 'ஒழுக்கக்கேடான நோக்கத்தோடு' வரும் பெண்களைத் தடுப்பதாகச் சொன்னது. நடைமுறையில் ஹாங்காங்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி, கப்பலேற வந்த சீனப் பெண்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார். மனைவி என்று சொல்லும் பெண் மனைவிதானா, விலைமகளா? சந்தேகம் முதலில் வந்தது, சட்டம் பிறகு வந்தது, பதில் சொல்லும் சுமை பெண்ணின் தலையில் விழுந்தது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. கூலித் தொழிலாளியின் மனைவிக்கும் வழி அடைபட்டது. வணிகரின் மனைவிக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது. வர்க்கம் இங்கே தாம்பத்தியத்துக்கே நுழைவுச் சீட்டாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

1906 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. இங்கேதான் பிறந்தேன் என்று ஒரு சீனர் சொன்னால் மறுக்கக் காகிதம் இல்லை. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் ஊரில் தங்களுக்குப் பிள்ளைகள் இருப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் வேறு பையன்கள் வந்திறங்கினார்கள். 'காகிதப் பிள்ளைகள்' என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. காகிதம் பொய் சொல்லும் என்று தெரிந்ததும் அரசு பேச்சைப் பிடித்துக்கொண்டது. 1910 முதல் 1940 வரை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்த ஏஞ்சல் தீவு முகாமில் நடந்த விசாரணைகள் இதற்கு நல்ல சான்று. உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? உங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் குடியிருப்பது யார்? கணவனிடம் ஒருமுறை, மனைவியிடம் ஒருமுறை, சாட்சியிடம் ஒருமுறை இவை கேட்கப்பட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கொட்டடி. விசாரணை முடியும்வரை தம்பதிகள் சந்திக்க முடியாது. பதில்கள் பொருந்தினால் கரை. பொருந்தாவிட்டால் திரும்பு கப்பல்.

விளைவு என்ன? கேள்வி பதில் நோட்டுப் புத்தகங்கள் கிளம்பின. கப்பல் பயணம் முழுக்க அவற்றை மனப்பாடம் செய்துவிட்டுத் துறைமுகம் நெருங்கும்போது கடலில் வீசினார்கள். முகாமுக்குள் சமையல்காரர்கள் வழியாகத் துண்டுச்சீட்டுகள் போய்வந்தன. நிஜமான கணவன் மனைவியும் மனப்பாடம் செய்தாக வேண்டியிருந்தது. ஏனென்றால் நிஜமாக வாழ்கிற யாரும் தன் வீட்டுப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவதில்லை. பொய்யைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையும் ஒத்திகை பார்த்துத்தான் தப்ப வேண்டும் என்று ஆயிற்று.

பதில்கள் பொருந்துவதுதான் உண்மை என்கிற இந்த நம்பிக்கை எவ்வளவு ஓட்டையானது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1560இல் பிரான்சில் மார்த்தேன் கேர் வழக்கு நடந்தது. நாடலீ டேவிஸின் நூல் 1983இல் வந்த பிறகு பரவலாகப் பேசப்பட்ட வழக்கு அது. காணாமல்போன கணவன் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லிப் பல வருஷம் குடும்பம் நடத்தியவனையும், அவன் மனைவியாக வாழ்ந்தவளையும் தனித்தனியாக நிறுத்தி, அந்தரங்க விஷயங்கள் வரை கேட்டார்கள். பதில்கள் அச்சாகப் பொருந்தின. பிறகு அசல் கணவன் ஒற்றைக் காலோடு வந்து நின்றான். வந்திருந்தவன் போலி. ஆனால் அந்தப் பேச்சு போலியா? அவளும் அவனும் அத்தனை வருஷம் பகிர்ந்துகொண்டது போலியா? சட்டத்திடம் இதற்குப் பதில் கிடையாது.

3

தமிழர்களுக்கு இந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பு தென்னாப்பிரிக்காவில் ஏற்பட்டது. 1913 மார்ச்சில் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. வழக்கு ஒரு முஸ்லிம் பெண் கணவரோடு சேர்வதற்கு அனுமதி மறுக்கப்பட்டதைப் பற்றியது. ஆனால் தீர்ப்பின் நிழல் இந்து, முஸ்லிம், பார்சி என்று கிறித்தவ முறைக்கு வெளியே மணந்த எல்லாப் பெண்கள்மீதும் விழுந்தது. ஒரே நாளில் அவர்கள் மனைவி என்கிற நிலையை இழந்தார்கள்.

இங்கேதான் ஒரு தம்பதியின் சமையற்கட்டுப் பேச்சு வரலாற்றுக்குள் வருகிறது. ஃபீனிக்ஸ் குடியிருப்பில் காந்தி கஸ்தூர்பாவிடம், நீ இனிமேல் என் மனைவி இல்லை தெரியுமா என்று விளையாட்டாகச் சீண்டியதாகவும், தினம் ஒரு புதுச் சிக்கலைக் கிளப்பாவிட்டால் உங்களுக்குப் பொழுது போகாதா என்கிற தொனியில் அந்த அம்மா பதில் சொன்னதாகவும், பேச்சு வளர்ந்து வளர்ந்து சிறைக்குப் போவதில் முடிந்ததாகவும் உடனிருந்த ராவ்ஜிபாய் பட்டேல் எழுதிவைத்திருக்கிறார். காந்தியே எழுதிய வரலாற்றில் கதை வேறு. அவர் மற்றப் பெண்களிடம்தான் பேசினாராம். அதைக் காதில் வாங்கிய கஸ்தூர்பா, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை, எனக்கென்ன குறைச்சல் என்று கேட்டாராம். ஒன்றில் கணவன் தூண்டுகிறான், மனைவி வழிக்கு வருகிறாள். மற்றதில் அவள் தானாக எழுந்து வருகிறாள். ஒரு குடியேற்ற அதிகாரியின் முன்னால் இந்த இரண்டு வாக்குமூலங்களையும் வைத்தால் 'முரண்பாடு' என்று சிவப்பு மையில் எழுதுவார். நமக்கோ இந்த முரண்பாட்டில்தான் அரசியலே இருக்கிறது. வீட்டுப் பேச்சை யார் நினைவுகூர்கிறார், எதற்காக நினைவுகூர்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

தால்ஸ்தாய் பண்ணையிலிருந்து எல்லை தாண்டிப் போன பதினொரு பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழச்சிகள் என்று காந்தி எழுதுகிறார். இவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசியதும் வேலைநிறுத்தம் மூண்டதும், மூன்று மாதக் கடுங்காவல் பெற்றதும் நமக்குத் தெரிந்தவை. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி சுரங்கத் தொழிலாளியின் பிரச்சினை. மனைவி என்கிற தகுதி இந்தப் பெண்களின் பிரச்சினை. இரண்டும் ஒரே போராட்டத்தில் பிணைந்தன. அதே சிறைவாசத்தில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பதினாறு வயது வள்ளியம்மைக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. ஆனால் காந்தியின் பட்டியலைப் பாருங்கள். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு என்று கணவன் பெயராலேயே குறிக்கப்படுகிறார்கள். மனைவி இல்லை என்று சொன்ன அரசை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள், வரலாற்றில் மனைவியாக மட்டுமே பதிவாகிறார்கள். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை அங்கீகரித்தது. அங்கீகாரம் என்பதும் ஒரு பிடிதான்.

4

இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியேற்றத்தின் பெருந்திசை மாறியது. பழைய காலனிகளின் மக்கள் எஜமான நாட்டுக்கே வரத் தொடங்கினார்கள். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் வந்திறங்கினார். பிரிட்டனில் இருந்த ஒருவரை மணப்பதற்காக வந்தவர். மணப்பெண்ணாக வருபவருக்கு விசா வேண்டியதில்லை, மனைவியாக வருபவருக்கு முன் அனுமதி வேண்டும் என்பது அப்போதைய விதி. இவர் நிஜமாகவே மணமாகாதவர்தானா என்று பார்க்க அவருடைய கன்னித்தன்மையை மருத்துவர் சோதித்தார். இந்தியப் பெண் என்றால் கல்யாணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள் என்கிற காலனிய மானுடவியல் இங்கே சட்டமாக வேலை செய்தது. கார்டியன் நாளிதழ் செய்தியை வெளியிட்ட பிறகு எதிர்ப்புக் கிளம்பி நடைமுறை நிறுத்தப்பட்டது. பின்னாளில் வெளிவந்த அரசுக் கோப்புகளை ஆராய்ந்தவர்கள், துணைக்கண்டத்திலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இந்தச் சோதனை நடந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள்.

உடலைத் தொட்டால் அசிங்கம் என்று ஆனதும் அதிகாரம் மனசைத் தொட்டது. 1980களில் பிரிட்டனில் கோலோச்சியது 'முதன்மை நோக்கம்' என்கிற விதி. இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல என்று விண்ணப்பிப்பவர் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எப்படி? பெற்றோர் பார்த்த கல்யாணம் என்றால் அன்பு இல்லை. காதல் கல்யாணம் என்றால் உங்கள் சமூகத்தில் அது வழக்கம் இல்லையே என்பார்கள். கல்யாணத்துக்குப் பின் எங்கே வாழப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். பிரிட்டனில் என்று பையன் சொன்னால் தொலைந்தது. மறுக்கப்பட்ட பிறகும் தம்பதிகள் எழுதிக்கொண்ட கடிதங்களையும், செய்த பயணங்களையும், தொலைபேசிக் கட்டண ரசீதுகளையும் 'இடைப்பட்ட ஈடுபாடு' என்று பெயரிட்டுத் தீர்ப்பாயங்கள் சான்றாக எடைபோட்டன. அதாவது, பிரித்து வைத்தது அரசு. அந்தப் பிரிவில் எழுதப்பட்ட கடிதத்தைக் காட்டி அன்பை நிரூபிக்கச் சொன்னதும் அரசு. 1997இல்தான் அந்த விதி கைவிடப்பட்டது.

நடுவில் ஒரு கூத்து. பிரிட்டனில் குடியமர்ந்த ஆண் மனைவியை எளிதாக அழைத்துக்கொள்ளலாம், பெண் கணவனை அழைப்பது கடினம் என்றிருந்ததை எதிர்த்து மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 1985இல் பால் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? கணவர்களுக்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. மனைவிகளுக்கும் அதையே விரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டது! உரிமைச் சொல்லாடலை மட்டும் நம்பிப் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் 1953இல் தீர்ப்பான லுட்வாக் வழக்கு இன்னும் துல்லியமானது. போர்க்கால மணப்பெண்களுக்கான சலுகையைப் பெறச் செய்துகொண்ட திருமணங்கள் பற்றியது அது. துணைவர் எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்கிற காப்பு இந்தத் தம்பதிகளுக்கு இல்லை, ஏனெனில் இது போலி மணம் என்றது உச்சநீதிமன்றம். முதலில் திரையை விலக்கினால்தான் போலியா என்று தெரியும். போலி என்று வைத்துக்கொண்டால்தான் திரையை விலக்கலாம். இந்தச் சுழல் தர்க்கத்தின் மேல்தான் பின்வந்த விசாரணைகள் கட்டப்பட்டன. கணவன் மனைவியைத் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்கும் முறை நியூயார்க்கில் 1970களின் ஒரு வழக்கை ஒட்டி 'ஸ்டோக்ஸ் நேர்காணல்' என்றே பெயர் பெற்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வழக்கறிஞரை உடன்வைத்துக்கொள்வது போன்ற காப்புகளை விண்ணப்பதாரருக்கு வாங்கித் தந்த வழக்கு அது. 1985இல் இத்தகைய திருமணங்களில் 30 சதவிகிதம் போலி என்று குடியேற்றத் துறை செனட் குழு முன் சொன்னது. அடுத்த ஆண்டே கடுமையான சட்டம் வந்தது. அந்தக் கணக்கு அதிகாரிகள் சந்தேகப்பட்டவற்றைச் சேர்த்துப் போட்டது, நிரூபிக்கப்பட்டவற்றை அல்ல என்பது பின்னால்தான் அம்பலமாயிற்று.

5

இப்போது கடிதம் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. தமிழ் படித்தவன் என்பதால் என்னிடம் இப்படியான ஃபைல்கள் வருவதுண்டு. ஆங்கிலத்தில் ஆக்குபவர் வேறொருவர். தமிழில் இது என்ன சொல்கிறது என்று அவருக்கு விளக்குவது என் வேலை. ஒரு பெண், ஊரில் மாமியார் வீட்டில் இருப்பவள், வெளிநாட்டிலிருக்கும் கணவனோடு பேசியது:

'சாப்டாச்சா?'

'ம்.'

'என்ன?'

'பிரெட்தான்.'

'ஒரு ரசமாவது வச்சிருக்கலாம்ல.'

'டைம் இல்ல.'

'அத்தைக்குச் சுகர் 240ஆம்.'

'மாத்திரை போடுறாங்களா?'

'நாஞ் சொன்னா கேக்கவா போறாங்க. நீங்க பேசுங்க.'

'நாளைக்கு.'

இதில் காதல் எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ரசத்தில் இருக்கிறது. 'நீங்க பேசுங்க' என்பதில் ஒரு வீட்டின் மொத்த அதிகார அமைப்பும் இருக்கிறது. 'ம்' என்பதை எந்த மொழியில் ஆக்குவது? நம்மிடையே கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத பெண்கள் இன்னும் நிறையப் பேர். என்னங்க, ஏங்க, யாழ்ப்பாணத்தில் என்றால் இஞ்சாருங்கோ. பெயரில்லாத இந்த அழைப்பு எந்த ஆவணத்திலும் யாரையும் குறிக்காது.

தொல்காப்பியர் அகத்திணையில் வரும் மாந்தரின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்று விதித்தார். பெயர் வந்தால் அது அகமல்ல. குடியேற்றக் கோப்பு என்பது பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் ஒட்டப்பட்ட அகம். அகம் புறமாக்கப்படுகிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல? பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்று ஒரு நூற்பாவுக்குப் பொருள் சொல்வார்கள். உரையாசிரியர்களுக்குள் இதில் வேறுபாடு உண்டு. பொய்யும் வழுவும் தலைகாட்டியதால்தான் மணச் சடங்கே ஏற்பட்டது என்கிறது கற்பியல். ஆக, தம்பதியின் சொல்லை நம்பாமல் சான்று கேட்கும் காரியம் நமக்கும் புதிதல்ல. நம் ஊர் அலரும், சாதிப் பஞ்சாயத்தும் செய்ததும் இதுதான். மேற்கத்திய அரசு மட்டும்தான் வில்லன் என்று எழுதிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சாதி மாறி மணந்தவர்கள் காவல்நிலையத்தில் நின்று, நாங்கள் விரும்பித்தான் வந்தோம் என்று சொல்ல வேண்டியிருப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம். அரசு எதிர்பார்ப்பது ஒரு குறிப்பிட்ட வகைப் பிரதியை. கனடாவில் அதிகாரிகளுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்று 2015இல் வெளியே வந்தது. புகைப்படத்தில் உதட்டில் முத்தமிடாத தம்பதி, வைர மோதிரம் இல்லாத மணப்பெண், சிறிய விருந்து, தேனிலவு போகாதது ஆகியவை சந்தேகக் குறிகளாம். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் பெற்றோருக்கு முன்னால் உதட்டு முத்தம் எங்கே இருக்கும்? எனவே விவரமானவர்கள் ஆலோசனை தருகிறார்கள். நான் சொன்ன பெண்ணின் ஃபைலில் கடைசி மூன்று மாதப் பக்கங்கள் தனி ரகம். 'மிஸ் யூ', 'லவ் யூ', வரிசையாகச் சிவப்பு இதயங்கள். என்னம்மா இது என்று கேட்டேன். 'அது ஃபைலுக்குப் பேசுனதுண்ணே' என்றாள். அப்போ மற்றது? 'அது சும்மாப் பேசுனது.'

மிஷேல் ஃபூக்கோ 1976இல் வெளியான பாலியல் வரலாற்றின் முதல் பாகத்தில் மேற்கின் மனிதனை வாக்குமூல விலங்காகப் பார்த்தார். பாவமன்னிப்புக் கூண்டில் தொடங்கியது வைத்தியரின் அறை வரை வந்தது. குடியேற்ற மேசையில் அது இன்னும் ஒரு படி போயிருக்கிறது. இங்கே வாக்குமூலம் நடந்து முடிந்ததைச் சொல்வதில்லை. இனி வரப்போகும் விசாரணைக்காக இன்றைய வாழ்க்கையே முன்கூட்டி வாக்குமூலமாகப் பேசப்படுகிறது.

6

ஃபைலில் இல்லாதது சண்டை. அந்தப் பெண்ணின் உரையாடலில் இரண்டு வாரப் பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார் ஏஜெண்ட். நகை அடகு வைத்ததைப் பற்றியும், அவன் குடித்துவிட்டுப் பேசியதைப் பற்றியும் அவள் கேட்ட கேள்விகள் அதில் இருந்தன. நல்ல தம்பதி சண்டை போடாது என்பது கோப்பின் இலக்கணம்.

இது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வந்தவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனைக் குடியிருப்பு மட்டும் தந்தது. பிறகு இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அடிக்கிற கணவனின் கையில் ஒரு பேனாவும் கொடுக்கப்பட்டது என்று பொருள். 1990இலும் 1994இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகுதான் அடிபட்ட பெண்கள் தாங்களாக விண்ணப்பிக்க வழி பிறந்தது. பிரிட்டனில் இதேபோன்ற ஓராண்டு விதியை எதிர்த்து சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடி 1999இல் ஒரு சலுகையைப் பெற்றன. கனடா 2012இல் அதே இரண்டாண்டு நிபந்தனையைக் கொண்டுவந்து 2017இல் நீக்கியது. இந்த எல்லா இடங்களிலும் பெண் மாட்டிக்கொள்வது ஒரே பொறியில்தான். நேற்று ஃபைலுக்காகப் பேசிய 'லவ் யூ' நாளைக்கு அவள் அடிபட்டேன் என்று சொல்லும்போது எதிர்ச் சான்றாகும். அடிபட்டதை அப்போதே எழுதியிருந்தால் அன்றைக்கே விசா இல்லை.

ஏஞ்சல் தீவின் விசாரணைப் பதிவுகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அழிந்த கிராமங்களின் வீடுகளையும் தெருக்களையும் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து மீட்டெடுக்கிறார்கள். சமய விசாரணைக் குறிப்புகளிலிருந்து கார்லோ கின்ஸ்பர்க் குடியானவர்களின் உலகத்தை மீட்டது மாதிரி. நாளைக்கு யாரோ ஒருவர் நம் காலத்துத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை விசா ஃபைல்களிலிருந்து எழுதக்கூடும். இதயக் குறிகளின் நடுவே பக்க எண் தாண்டிப் போகும் இடங்களை அவர் பார்க்க வேண்டும்.

நமக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. குடியேறிகளுக்காகப் பேசும்போது, இவர்கள் நிஜத் தம்பதி, இவர்களை விடுங்கள் என்றே நாமும் வாதாடிப் பழகிவிட்டோம். அந்த வாக்கியம் அதிகாரியின் வாக்கியம். நிஜம், போலி என்று தரம் பிரிக்கும் உரிமையை அது அவரிடமே விட்டுவிடுகிறது. கேட்க வேண்டியது வேறு. 122ஆம் பிரிவின் திரை யாருக்குத் தொங்குகிறது, யாருக்கு அவிழ்க்கப்படுகிறது? ரசம் வைக்கவில்லையே என்று கடிந்துகொள்ளவும், நகை எங்கே என்று கேட்கவும், கோபத்தில் ஒரு வாரம் பேசாமல் இருக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டா இல்லையா? எவருக்கும் காட்டத் தேவையில்லாத பேச்சு ஒன்று அவளுக்கு இருக்க வேண்டும். அதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.